அறுவதற்கென்று ஒரு கயிறு

மார்ச் முழுக்க இந்தச் சமையலறை மேசையில்
நல்ல கயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்,
நானும் ஜிஸ்லேனும்.
ஒரு லாரியைக் கட்டி இழுக்கலாம் அதால்.
அதை இடையிடையே வெட்டி
சீக்கிரம் அறுகிற துண்டொன்றை வைத்துப் பின்னுகிறோம்.
எழுநூற்று எழுபது கிலோ.
அதற்கு மேல் எது இழுத்தாலும்
விட்டுவிட வேண்டும்.
சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது, இரண்டு மொழியிலும்.

காபி ஊற்ற வந்த ரெயால்
ஒரு துண்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.
"பூஞ்சை பிடிக்கட்டும் என்றே
ரொட்டி சுடுகிறீர்கள்."
படகு அவனுடையது.
கடனில் பாதி என்னுடையது.

கயிறு நெடுக எங்கள் வட்டாரத்தின் நிறத்தில்
ஓர் இழையும் ஓட வேண்டும்.
எதற்கு என்று ஜிஸ்லேனின் மகன் கேட்டான்.
கரையொதுங்கும் உடம்பைச் சுற்றியிருந்தால்
யாருடையது என்று தெரிய.
இதை அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கருந்திமிங்கிலம் என்போம் நாங்கள், லமெக்கில்.
ஆங்கிலக்காரர்கள் அதற்கு வைத்த பெயரின் பொருள்:
கொல்லத் தோதானது.
மெதுவாக நீந்தும். செத்தாலும் மிதக்கும்.
பெயர் வைத்தவர்கள்
பொய் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு கயிறுகளில் நிறத்தை மட்டும் ஓடவிட்டு
பழைய வலுவை அப்படியே விட்டுவைத்தேன்.
கூண்டு ஒன்றின் விலை எனக்குத் தெரியும்.
வங்கிக்காரனின் குரலும்.

ஏப்ரல் கடைசியில் விமானம் ஒன்று பார்த்துச் சொன்னது:
தாயும் கன்றும், எங்கள் கட்டத்துக்குள்.
கட்டம் மூடப்பட்டது.
கூண்டுகளையெல்லாம் தூக்க இரண்டு நாள்.
பனிக்கட்டிகள் இன்னும் போகவில்லை;
படகின் வயிற்றை உரசிக்கொண்டே வந்தன.

பதினேழாவது மிதவை அதன் இடத்தில் இல்லை.
கிழக்கே இரண்டு மைல் தள்ளிக் கிடைத்தது,
எட்டு மீட்டர் கயிற்றை வாலாக இழுத்துக்கொண்டு.
சரியாக எங்கள் துண்டில் அறுந்திருந்தது.
கத்தி பட்டதல்ல.
ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு நீளத்தில்
தானாக விட்டுக்கொடுத்திருந்தது.

பனிக்கட்டியாக இருக்கலாம்.
வேறொரு படகின் விசிறியாக இருக்கலாம்.
ஜிஸ்லேன் முனையை முகர்ந்தாள்:
"டீசல்தான்."
துளித்துளியாக டீசல் கணக்குப் பார்க்கிற ரெயால்
இயந்திரத்தை நிறுத்தினான்.
கால் மணி நேரம்
ஆளுக்கொரு திசையில் பார்த்து நின்றோம்.
எதுவும் மூச்சு விடவில்லை,
எங்களைத் தவிர.

தொலைந்த சாதனத்துக்கு ஒரு படிவம் உண்டு.
இடம், ஆழம், எண்ணிக்கை என்று நிரப்பியவன்
காரணம் என்ற கட்டத்தில் பனி என்று எழுதி
அடித்தான்.
மறுபடி பனி என்று எழுதினான்.

பிறகு அந்த இரண்டு கயிறுகள் மேலே வந்தன.
முறுக்குக் குலையாமல், கூண்டு நிறைய நண்டோடு.
முழுதாகத் திரும்பிய கயிற்றைப் பார்த்து
அதுவரை நான் பயந்ததில்லை.
அன்றிரவு துறையில், விளக்கைப் போடாமல்
இரண்டையும் வெட்டினேன்.
விரல் மரத்துப்போய் முதல் பின்னல் கோணலாக வந்தது.
பிரித்து மறுபடி பின்னினேன்.

பதினேழாவது கூண்டு இன்னும் கீழேதான் இருக்கிறது,
எழுபது மீட்டர் ஆழத்தில், சேற்றில்,
ஹெர்ரிங் இரையின் நாற்றத்தோடு.
கேட்க ஆளில்லாமல்
நண்டுகள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் அதன் ஒரு பக்கத்தைப்
பருத்தி நூலால் தைத்திருக்கிறோம்.
அதுவும் ஒரு விதிதான்.
அது வந்த வருடமும் ரெயால் கத்தினான்.
உப்பு அந்த நூலைத் தின்னத் தொடங்கியிருக்கும்.
ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ,
நான் துணி காயப்போடும்போதோ
தவணை கட்ட வரிசையில் நிற்கும்போதோ
அது இற்றுப்போகும்.

இருட்டில் ஒரு நண்டு
அவசரமில்லாமல்
பக்கவாட்டில் வெளியே நடக்கும்.