பயன்பாடு: கிடங்கு

பெர்க்விஸ்ட் தன் கார் கொட்டகைக்கு மேல்
இன்னொரு மாடி எடுத்த கோடையில்
என் சமையலறை ஜன்னலிலிருந்து
ஏரி போயிற்று.

முழு ஏரியும் அல்ல.
பாத்திரம் கழுவி முடிக்கப் போதுமான
இரண்டு கை அகலச் சுப்பீரியர்.
இருபத்தெட்டு வருடம் தபால் பிரித்துவிட்டு வந்து
வெந்நீரில் கைகளை ஊறவிட்டபடி
டுலூத் துறைக்குள் நுழையும் தாதுக் கப்பல்களை
ஒவ்வொன்றாகச் சரிபார்த்து
நான் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த இடம்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் நிலம், அவர் பலகை, அவர் ஆணி.
நூலகத்துக்குப் போய்
படிக்கட்டுக் கணக்குப் படித்தேன்.

நகராட்சிப் படிவம் கேட்டது:
கூடுதல் கட்டுமானத்தின் பயன்பாடு என்ன?
படுக்கையறை. குளியலறை. கிடங்கு.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.
பார்ப்பதற்கு என்று கட்டம் இல்லை.
கிடங்கில் குறியிட்டேன்.

ஆறடிக்கு ஆறடி. இருபத்திரண்டடி உயரம்.
கோபுரம் என்பது அதற்குக் கொஞ்சம் பெரிய சொல்.
நிற்க வைத்த சவப்பெட்டி என்றான்
தம்பி மெர்லின், ஃபோனில்,
அரிசோனா வெயிலில் கால் நீட்டிக்கொண்டு.

உறைபனி இறங்காத ஆழம்வரை தோண்டச் சொன்னது விதி.
மூன்றாவது அடியிலேயே
மண்வெட்டி மணியடித்தது.
இந்தச் சரிவில் எல்லார் வீட்டுக்கும் அடியில்
ஒரே கரும்பாறைதான்,
பெர்க்விஸ்ட் வீட்டுக்கும்.
துளையிட்டுக் கம்பி இறக்கினேன்.
இரண்டு துளைமுனை உடைந்தது. மூன்றாவது
என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுப் பயந்தோ என்னவோ
உள்ளே போனது.

முதல் தளம் நானே.
இரண்டாவதின் சட்டத்தைத் தரையில் அடித்து முடித்து
நிமிர்த்தப் பார்த்தேன்.
சாண் ஏறியது. முழம் சறுக்கியது.
மூன்றாம் தடவை
மறுமுனை தானாக எழுந்தது.

மறுமுனையில் பெர்க்விஸ்ட்,
வாயில் நாலு ஆணி.

எந்தப் பக்கம் ஜன்னல் என்றார் ஆணிகளுக்கு நடுவே.
எல்லாப் பக்கமும் என்றேன்.
தன் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.
அப்புறம் கையுறைகளைப் பார்த்தார்.
என்னிடம் சாரம் இருக்கிறது,
நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார்.
இதைவிட நீளமான மன்னிப்பை
இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

செப்டம்பரில் ஆய்வாளர் வந்தாள்,
யோலாண்டா க்ரெஸ்கோ,
இடுப்பில் டார்ச், காதில் பென்சில்.
ஆணி இடைவெளியை அளந்தாள்,
கைப்பிடியை உலுக்கினாள்,
மேலே போய்
இதில் எதை வைக்கப் போகிறீர்கள் என்றாள்.
நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே
பாலத்துக்கு அப்பால் ஒரு கப்பல்
நீளமாக, துருச் சிவப்பாக,
ஒரு முழுத் தெருவே நகர்வதுபோல் வந்தது.
அது உள்ளே நுழைந்து மறையும்வரை
யோலாண்டா கிடங்கில் இருந்தாள்.
இறங்கி வந்து, படிவத்தை என் முதுகில் வைத்துக்
கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு அன்றிரவுதான் தெரிந்தது.
மேலிருந்து பார்த்தால்
பெர்க்விஸ்ட் கொட்டகையின் மேல்மாடி
என் கண்மட்டத்துக்குக் கீழே.
அதில் கருவி இல்லை, டயர் இல்லை, பெட்டி இல்லை.
ஏரியைப் பார்த்து ஒரே ஒரு நாற்காலி.
அதில் அவர்,
மடியில் தட்டு,
முள்கரண்டி பாதி வழியில்.

அவர் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் குறியிட்டிருப்பார்?

நான் விளக்கை அணைத்துவிட்டு
அதே தண்ணீரைப் பார்த்தேன்.

அக்டோபர் காற்றில் ஒழுகத் தொடங்கியது.
புதுச்சுவர் பழைய கூரையைத் தொடும் மூலையில்,
தகரத்தை நான் அவசரப்பட்டு மடித்த இடத்தில்.
ஒரு வாளி வைத்திருக்கிறேன்.
மெர்லின் கேட்டால் சொல்லலாம்,
படிவத்தில் பொய் இல்லை,
இப்போதைக்கு முக்கால் வாளி மழை
பத்திரமாக இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை தார் வாங்க வேண்டும்.
பெர்க்விஸ்டிடம் ஏணி கேட்க வேண்டும்,
போன தடவை தந்ததைவிட
நீளமானது.