ஆரஞ்சுப் பிடி

நவம்பர் பதினாலு. கடை சாத்த அரை மணி இருக்கிறது.
நாளை விடிந்தால் மான் வேட்டை தொடக்கம்.
ஹேன்காக் ஊர் ஆண்கள் பாதிப் பேர்
ரெய்னோவின் கண்ணாடிப் பெட்டி முன்னால்
நகைக்கடையில் நிற்பதுபோல் நிற்கிறார்கள்.

ஓநாய் செதுக்கிய கத்தி ஒன்று.
முதுகில் பல் வைத்தது ஒன்று,
எதை அறுக்க என்று அதற்கே தெரியாது.
எட்டு அங்குலத்தில் ஒன்று:
மானைப் பற்றி அல்ல,
வாங்குகிறவனைப் பற்றிப் பேசும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
விவாகரத்தில் எனக்கு வீடு வந்தது,
அவனுக்குக் கத்திகள் போயின.
லாபம் எனக்குத்தான் என்றிருந்தேன்,
இன்று மாலை வரை.

"ஒரு கிண்ணம் வெந்நீர் வேண்டும், ரெய்னோ.
கொஞ்சம் சமையல் எண்ணெயும்."
புருவம் தூக்கினான். கொண்டுவந்தான்.
மானின் விலாவுக்குள் முழங்கை வரை போகிற கை
காய்ந்த கையாக இருக்காது.
நனைத்துக்கொண்டேன். கண்ணை மூடி
ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.

கொம்புப் பிடி வழுக்கியது.
மெருகேற்றிய வால்நட்
மீன் மாதிரி நழுவியது.
குடல்கொக்கி வைத்த ஒன்றை
டெல்மர் ஸ்கோக் எடுத்து நீட்டினான்.
பக்கத்து வீடு. வேலித் தகராறில்
மூன்று வருஷமாய்ப் பேசாதவன்.
கத்தி என்றதும் வாய் திறந்துவிட்டது:
"ஜிப் மாதிரி வயிறு திறக்கும்."
"அந்தச் சின்ன வளைவை யார் தீட்டுவது,
உன் மாமனா?" என்றேன்.
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
ஓநாயை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் கையில் நின்றது
பெட்டிக்குள் இருந்ததே இல்லை.
கல்லாப் பக்கம் ஒரு வாளியில் கிடந்தது.
பதினெட்டு டாலர்.
நாலு அங்குலத்துக்கு நூல் குறைவு.
முதுகு சரிந்து நுனி குனிந்திருக்கும்:
தோலுக்கும் இரைப்பைக்கும் நடுவே
இரண்டு விரல் துணையோடு போகையில்
குனிந்த நுனி எதையும் குத்தாது.
குத்தினால், நாற்றம் சொல்லிவிடும்.
சொரசொரத்த ரப்பர் பிடி.
ஆரஞ்சு. அசிங்கமான ஆரஞ்சு,
சாலைப் பணியாளர் சட்டை நிறம்.

"கார்பன் எஃகு. துடைக்காமல் வைத்தால்
துருப்பிடிக்கும்," என்றான் ரெய்னோ.
"நமக்கு மட்டும் பிடிக்காதா?"

பதினைந்து நாள் மான் வரவில்லை.
கத்தி உறையிலேயே உறைந்து கிடந்தது.
இடையில் சீஸ் வெட்டியது,
பார்சல் கயிறு அறுத்தது,
ஒருநாள் பென்சில் சீவியது,
நன்றாகவே சீவியது.

முப்பதாம் தேதி, இருட்டுகிற நேரம்,
கதவில் டெல்மர்.
கையுறையில் ரத்தம், மீசையில் பனி.
எட்டுக் கிளைக் கொம்பு மான் விழுந்துவிட்டதாம்.
கத்தியை எங்கேயோ வைத்தானாம்,
கறுப்புப் பிடி, கறுப்பு உறை,
ஓநாய் பனிக்குள் ஓடிவிட்டது.

போய்ப் பார்த்தேன்.
மான் விழுந்திருந்தது சரியாக
அந்த ஆறடித் துண்டில்.
தலை அவன் பக்கம், பின்னங்கால் என் பக்கம்,
அல்லது முழுதும் என் பக்கம்,
எந்த வரைபடத்தை நம்புகிறோம்
என்பதைப் பொறுத்தது.

டிரக் விளக்கில் வேலை.
அவன் கால்களை விரித்துப் பிடித்தான்,
நான் முனையை மேல்நோக்கி ஓட்டினேன்.
ஆவி எழுந்தது, இருவர் கண்ணாடியிலும் படிந்தது.
கத்தியைப் பனியில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
ஒருதடவையும் தேடவில்லை.

என் கொட்டகையில் தொங்கவிட்டோம்,
அவனுடைய உத்தரம் தாழ்வு.
தோலுக்குக் கத்தி தொடக்கம் மட்டும் போதும்.
பிறகு முஷ்டியை உள்ளே விட்டு அழுத்த வேண்டும்,
இறுகிய ஸ்வெட்டரைக் குழந்தைக்குக் கழற்றுவதுபோல்.
டெல்மருக்கு முஷ்டி பெரிது.

"வேலி விஷயம் வேறே," என்றான் போகும்போது,
ஒரு பின்தொடையை என் மேசையில் வைத்துவிட்டு.
"வேறேதான்."

எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தேன்.

ஏப்ரலில் பனி உருகியது.
ஓநாய் கிடைத்தது, கொஞ்சம் துருவோடு,
என் எல்லைக்குள், ஓரடி உள்ளே.
என் வரைபடத்தின்படி.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.