தொடர்ச்சி

என் வேலை சின்னது.
கட் சொன்னதும் ஓடிப்போய்
குவளையில் கோப்பி எதுவரை நிற்கிறது,
சட்டையின் இரண்டாவது பொத்தான் திறந்திருந்ததா,
மைக்கறை எந்தக் கட்டைவிரலில்
என்று கைப்பேசியில் பிடித்து
நோட்டில் எழுதிக்கொள்வது.
அடுத்த ஷாட்டிலும் அவர் அவராகவே இருக்கவேண்டும்.

அவர் என்றால் மாசிலாமணிக் கிராணி.
பினாங்குத் துறைமுகக் கிடங்கில்
கொட்டைப்பாக்கு மூட்டை நிறுத்தவர்.
இரவில் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து தத்துவம் எழுதியவர்:
‘நேற்று நிறுத்தவனும் இன்று நிறுப்பவனும்
ஒரே ஆள் என்பதற்குச்
சம்பளப் பட்டியலைத் தவிர வேறு சாட்சி இல்லை.’

இதை எப்படிப் படம் பிடிப்பது?
இயக்குநர் தில்லைவாசன் மழை கேட்டார்.
லாரியில் தண்ணீர் வந்தது.

எடை குறைந்ததற்குத் துரை மூன்று வெள்ளி பிடிக்கும் காட்சி.
கிராணி மேசையைக் குத்தி
‘தவறியவன் இங்கே இல்லை துரை!’ என்று அலறவேண்டும்.
ஏழு டேக்.
மூல நோட்டை நான் பார்த்திருக்கிறேன்.
அந்தத் தேதிக்கு ஒரு வரிதான்:
மூன்று வெள்ளி பிடித்தார்கள். யாரிடமிருந்து என்பதுதான் தெரியவில்லை.

நடிகர் ஜோதிலிங்கத்துக்குச் சுங்கை டுவாவில் டயர் கடை.
வெள்ளைத் தாடியோடு காலை பத்து மணிக்குச் செத்தார்.
நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு,
பசை அரிக்கும் தாடையைச் சொறிந்தபடி
இருபத்திரண்டு வயதில் ஃபெரியிலிருந்து இறங்கினார்.

பிறகு, எழுதும் காட்சி. ஐந்தாவது டேக்.
பேனா பாதியில் நின்றது.
ஜன்னலைப் பார்த்தார்.
அறையில் யாரும் இருமவில்லை.
அதற்கு முன்னும் பின்னும்
அந்த முகத்தில் அப்படியொரு சிந்தனையை நான் பார்த்ததில்லை.
‘கட். என்னய்யா ஆச்சு?’
‘ஒன்றுமில்லை சார்.
கடை ஷட்டரைப் பூட்டினேனா என்று...’
எழுதிக்கொண்டேன்: டேக் ஐந்து, ஆகாது.

இரவு, லெபோ பந்தாய் விடுதி அறையில்
படங்களை நேரவாரியாக அடுக்குகிறேன்.
கிராணியின் அலமாரிக் கண்ணாடியில்
ஓரமாக நானும் விழுந்திருக்கிறேன்.
காலை 9.12: கைப்பேசி பிடித்த விரலில் மோதிரம்.
மாலை 4.40: இல்லை.
நடுவே ஒரு தொலைபேசி அழைப்பு,
கழுவுதொட்டி, கொஞ்சம் சோப்பு.

யாரும் கட் சொல்லவில்லை.
கிராணியின் பொத்தான்
இரண்டு படத்திலும் சரியாக இருக்கிறது.