மாதிரி எண் பதினான்கு

படிவத்தில் ஒரு கட்டம்: ஹிஸ்பானிக்.
டிக் அடித்தேன்.
அடுத்தது இனம் கேட்டது.
"மற்றவை" என்பதற்கு எதிரே கால் அங்குலக் கோடு,
எங்கள் தெருப் பெயர்கூட அதில் அடங்காது.

விருப்பப் பாடம்: நிலத்தடி நீரியல்.
ஏன் என்று ஐந்நூறு சொற்களில் எழுதச் சொன்னார்கள்.
அப்பா பாதாம் தோப்பில் உரம் விடுகிறவர் என்று
தொடங்கி, அடித்துவிட்டேன்.
நட்சத்திரம் படிக்கிறவனிடம்
அப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லையே.

ஃப்ரெஸ்னோ ஆய்வகத்தில் இருபது குப்பிகள்.
பதினான்காவது எங்கள் சமையலறைக் குழாய்.
பேராசிரியரிடம் சொல்லவில்லை.
பத்தைத் தாண்டக் கூடாது நைட்ரேட்.
இருபத்து மூன்று.

பிஸ்தா ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
காரில் இருந்தாள் அம்மா.
நீர்த்தாங்கிக்கு ஸ்பானிய மொழியில் என்ன சொல்?
எனக்குத் தெரிந்தது வீட்டு ஸ்பானியம்:
உப்பு, கதவு, தூங்கு.
"மண்ணுக்கடியில் தண்ணீர் தங்குமே, அந்த இடம்"
என்று சுற்றிவளைத்தேன்.

"நீ பிறந்ததிலிருந்து கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம், நெரெய்தா.
இதற்கா காலேஜ்?"
சிரித்தாள். இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.
பிறகு,
"நல்ல தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறதாம்?"

நோட்டைப் புரட்டினேன்.
எங்கள் தெருவில்
இன்னும் யாரும் துளையிட்டுப் பார்க்கவில்லை.