பாதை கிடைக்கவில்லை

தலவாக்கலையில் மழை விட்டு
சிக்னல் இரண்டு கோடு ஏறியதும்
நான்காம் முறை நிறுவிப் பார்த்தேன்.
எண்பத்து மூன்று வீதத்தில் நின்று
'பாதை கிடைக்கவில்லை' என்றது.

பதிப்பை இறக்கினேன். கேஷைத் துடைத்தேன்.
டேட்டா கார்டு தீர்ந்த பிறகுதான்
பிழைச் செய்தியை ஒழுங்காக வாசித்தேன்:
என் பெயர் வரும் இடத்தில்
வரிசையாய்க் கேள்விக்குறிகள்.

கணினி வாங்கிய அன்று ஆசையாய்த்
தமிழிலேயே கொடுத்த பயனர் பெயர்.

அப்பா அழகுமுத்து;
அடையாள அட்டையில் அலகுமுத்து.
திருத்த, நுவரெலியா கச்சேரிக்கு
எத்தனை பஸ் ஏறினாரோ.

நான் ஏறவில்லை.
சி டிரைவில்
ஒற்றை ஆங்கில எழுத்தில் புதுக் கோப்புறை.
ஒரே நிமிடம், எல்லாம் உட்கார்ந்துவிட்டது.

நிரலின் முதல் வரியில்,
இயந்திரம் வாசிக்காத குறிப்பாக,
எழில்ராணி என்று எழுதினேன், ழகரத்தோடு.
அதைத் தாண்டி
ஓடியது நிரல்.