முக்கால் டயர் தண்ணீர்

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, எல்லை தாண்டி
பஞ்சர் கடை முனிரத்தினம்
பின்டயரிலிருந்து பதினோராவது முள்ளைப் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தான்.
சீமைக் கருவேலம். நுனி இன்னும் பச்சை.

"ஃபோம் ஊத்திடுக்கா. பேர்தான் நுரை,
உள்ளே போனா இறுகிடும்.
ஆணிமேல ஏறினாலும் கவலையில்லை."
விலை சொன்னான்:
இரண்டு போகத்து வேர்க்கடலை.
"கழட்டணும்னா?"
"அது முடியாது. டயரோட அறுக்கணும்."

தண்ணீர் என்றால்
வால்வை உச்சியில் நிறுத்தி முக்கால்வரை.
சேற்றில் சக்கரம் சும்மா சுற்றாது.
முள் குத்தினால் ஒழுகும்,
ஒட்டவேண்டும், மறுபடி இங்கே வரவேண்டும்,
இவன் பேச்சைக் கேட்கவேண்டும்.

இன்னும் பத்தொன்பது தவணை.
தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வரும்.
ஃபோம் அவர்களோடு போய்விடும்.
தண்ணீரையாவது
முதல் நாள் ராத்திரி
மிளகாய்க்குத் திறந்துவிடலாம்.

"நீள்ளே சாலு" என்றேன், அவன் பாஷையில்.
சிரித்துக்கொண்டே ஹோஸை இழுத்தான்.

செக்போஸ்ட்டில் காவலர்
டிரெய்லரைத் தட்டினார்,
சீட்டுக்கடியில் டார்ச் அடித்தார்,
"ஒண்ணுமில்லையே?" என்றார்.
"ஒண்ணுமில்ல சார்."

முந்நூறு லிட்டர் ஆந்திரத் தண்ணீர்
அவர் பூட்ஸை ஒட்டி
குலுங்கிக் குலுங்கி உருண்டது.