திரும்பும் பதினொரு கிலோமீட்டர்

பீடோங்கில் ஏழரைக்குப் பிடித்தது மழை.
ஏழே முக்காலுக்கு என் கைப்பேசியில்
செம்பனைத் தோட்டம் முழுக்கச் சிவப்பு.

மரம் பச்சை என்பது செயலிக்குத் தெரியாது.
ஆள் கூப்பிடும் இடம் சிவக்கும்,
கார் சும்மா கிடக்கும் இடம் வெளுக்கும்.
அதற்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான்.

கணக்கில் மாயம் ஒன்றுமில்லை, கேளுங்கள்.
ஏறி உட்கார்ந்தால் ஐந்து வெள்ளி.
ஓடும் தூரத்துக்குக் கொஞ்சம்,
சந்தியில் நிற்கும் நிமிடத்துக்குச் சில்லறை.
பிள்ளையாருக்கு முதல் தேங்காய் மாதிரி
ஐந்தில் ஒன்றைக் கம்பெனிக்கு உடைத்துவிட வேண்டும்.
மீதியில் பெட்ரோல், டயர்,
காருக்கு மாதம் ஐந்நூற்றுப் பத்து.

இரண்டாவது டிவிஷனுக்குப் பதினொரு கிலோமீட்டர்.
போவதற்கு விலை உண்டு.
திரும்பி வரும் பதினொன்றுக்கு
எந்தத் திரையிலும் ஓர் எண் கிடையாது.
லாரி சிந்திய பழங்களை விலக்கி விலக்கி
காலி சீட்டும் நானும்
ஓசியில் வருவோம்.

அதனால்தான் தோட்டத்து அழைப்பு வந்தால்
ஹஃபீஸ் தே தாரிக்கை ஊதிக்கொண்டே இருப்பான்,
லிம் கண்ணாடி துடைப்பான்,
எனக்கு மூத்திரம் வரும்.
பதினைந்து நொடி மணி அடித்து ஓயும்.
ஒன்பது வெள்ளி பதினான்காகும்.
இன்னொரு தரம் ஓயும்.
பத்தொன்பது.
விலை தானாக ஏறியதென்று பேர்,
பழி மழைக்கு.

ராத்திரியில் இந்த ஊருக்கு ஆறே கார்.
இன்று அதில் மூன்று
ஈரம் பார்த்து வீட்டுக்குப் போய்விட்டது.

பத்து மணிக்கு நானும் அணைத்தேன்.
கனகேஸ்வரிக்குச் சாயங்கால ஷிப்ட்.
பெண்டாட்டியை ஏற்றப் போகிறவனுக்குச் செயலி எதற்கு?

கையுறை ஃபேக்டரி வாசலில்
கூரை ஒதுக்கத்தில் ஒன்பது பேர்.
ஒன்பது முகத்திலும் கீழிருந்து வெளிச்சம்.
"இப்பதாங்க்கா, பதினாறா இருந்துச்சு,
கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இருபத்து ரெண்டு.
ரெண்டு மணி நேரம் ஓ.டி. செஞ்ச காசு."
சொன்னவள் லோகாம்பிகை.
மறுபடி திரையைத் தேய்த்தாள்,
தேய்த்தால் குறையும் என்பதுபோல.

கனகேஸ் ஏறினாள், கதவைச் சாத்தவில்லை.
"நீங்க எத்தன மணிக்கு ஆஃப் பண்ணீங்க?"
"பத்துக்கு."
"அதுவும் பத்துக்குத்தான் ஏறுச்சு."

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.

பினாங்கில் ஒருவன் கொட்டாவி விட்டால்
விலைக்குக் காது கேட்காது.
இங்கே நான் விரலை எடுத்தால்
ஒரு தோட்டத்துக்கு ஆறு வெள்ளி கூடுகிறது.
பத்து வருஷம் கார் ஓட்டுகிறேன்,
நான் இத்தனை பெரிய ஆள் என்று
யாரும் சொன்னதில்லை.

பின் சீட்டில் மூவர் ஏறினார்கள்.
லோகாம்பிகை, கக் ரோஹானா,
பெயர் சொல்லாமல் சிரித்த ஒரு நேப்பாளப் பெண்.
இறங்கும்போது ஆளுக்கு ஐந்து நீட்டினார்கள்.
வேண்டாம் என்று நான் கையை ஆட்ட,
கனகேஸ் வாங்கி மடித்தாள்.
"போனதுக்கு இல்ல," என்றாள்,
"திரும்பறதுக்கு."

திரும்பும் பதினொன்றில்
முன் சீட்டு காலியாக இல்லை.
காலணியைக் கழற்றிவிட்டு,
மாவுப் பொடி அப்பிய விரல்களோடு
வாய் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஃபேக்டரி வாசலில் இன்னும் ஆறு பேர்.
காரை ஓரங்கட்டிச் செயலியைத் திறந்தேன்.
இருபத்தைந்து இருந்தது, என்னைக் கண்டதும்
பத்தொன்பதுக்கு இறங்கியது.
என்னை நானே மலிவாக்கிக்கொண்டேன்,
ஊர் அறிய.

மணி அடிக்கிறது.
பதினைந்து நொடி இருக்கிறது.